சின்னபொண்ணு கொடுத்த தவிடு

இது கதை இல்லை. நடந்தது. சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள், செய்ய மாட்டேன். அன்றைக்குக் காருக்குள் மூன்று தடவை பொய் சொன்னவன் நான். என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு? தேதி, மணி எல்லாம் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

1985, கார்த்திகை மாதம். விழுப்புரத்தில் ஒரு ரைஸ்மில்லில் எனக்கு மெஷின் ஓட்டும் வேலை. பெயர் அப்பாதுரை. என் மனைவி கிருஷ்ணவேணிக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூத்தவள் ஐந்தாம் மாதம் போனாள். அடுத்தவன் ஏழாம் மாதம். அந்த வருஷம் தை மாதத்தில் மூன்றாவதாக ஒரு பையன் பிறந்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவனைத் தவிட்டுக்கு விற்றோம். பிள்ளை தங்காத வீட்டில் குழந்தையை, பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிற ஒருத்திக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால் சாவு ஏமாந்து திரும்பிப் போகுமாம்.

வாங்கியவள் பெயர் சின்னபொண்ணு. மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். வாரா வாரம் விழுப்புரம் சந்தைக்குக் கருவாட்டுக் கூடையோடு வருவாள். ஆறு பெற்றவள், ஆறும் உயிரோடு இருந்தன. முறத்தில் தவிட்டைக் கொட்டிக் கொடுத்துவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு மூன்று அடி நடந்தாள். திரும்பி வந்து கிருஷ்ணவேணி மடியில் போட்டாள்.

"இது எம் புள்ள. நீங்க வளத்துக்கினு இருங்க. வருசம் திரும்பறதுக்குள்ள இந்தத் தவிட்ட எங்கையில குடுத்துட்டு மீட்டுக்குங்க. இதே தவிடு. வேற ஆவாது."

உரலில் குத்தின தவிடு. சிவப்பாக, கொரகொரவென்று இருந்தது. கிருஷ்ணவேணி அதை மஞ்சள் துணியில் முடிந்து உத்தரத்தில் கட்டினாள். பையனைத் தவிட்டான் என்று கூப்பிட்டோம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாள் முழுக்கத் தவிட்டுத் தூசியில் நிற்கிறவனுக்குத் தவிடு என்ன பெரிய சாமியா? ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மில்லுக்கு லீவு. மாட்டுக்குக் கழுநீரில் கலக்கத் தவிடு இல்லை. காலை பத்து மணி. கிருஷ்ணவேணி துணி துவைக்கப் போயிருந்தாள். முடிச்சை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டிவிட்டேன். மாடு ஒரு துளி விடாமல் நக்கித் தின்றது. அடுத்த நாள் மில் தவிட்டைக் கொண்டுவந்து அதே துணியில், அதே முடிச்சாகக் கட்டி வைத்தேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஆடிக்குப் பிறகு சின்னபொண்ணு சந்தைக்கு வரவே இல்லை. மூட்டு வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். வருஷம் திரும்ப இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று கிருஷ்ணவேணி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். தொல்லை தாங்காமல், குப்பத்துக்கே போய்ப் பையனை மீட்டுவர முதலாளியின் அம்பாசடரைக் கேட்டு வாங்கினேன். டிரைவர் முருகையன். அப்படியே கடலையும் பார்த்துவிட்டு வரலாம் என்று புளிச்சோறு கட்டிக்கொண்டோம்.

மதியம் 2.15க்கு விழுப்புரத்தில் கிளம்பும்போது தூறல். 3.35க்குத் திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அடைமழை. அங்கேதான் பையன் அழ ஆரம்பித்தான். பால் கொடுத்தாலும் அழுகை. தோளில் போட்டாலும் அழுகை. மரக்காணம் ரோட்டில் திரும்பிய பிறகும் நிற்கவில்லை. "வாய மூட வையேன்டி, பேஜாரா இருக்குது" என்று கத்தினேன். அவனிடம் நான் கடைசியாகக் காட்டிய குரல் அது.

4.40. பிரம்மதேசத்தைத் தாண்டியிருந்தோம். அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. முருகையன் விளக்கைப் போட்டான். வெளிச்சத்தில் ரோட்டோரம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேல் முறத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"நம்ம சின்னபொண்ணு அக்காங்க. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் கிருஷ்ணவேணி.

சின்னபொண்ணு பின் சீட்டில் கிருஷ்ணவேணி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் முன்னால், முருகையனுக்குப் பக்கத்தில்.

"வருவீங்கன்னு தெரியும். குடு தங்கச்சி, எம் புள்ளைய."

கிருஷ்ணவேணி பையனைக் கொடுத்தாள். அழுகை நின்றது. பட்டென்று... விசையை அமுக்கினால் மெஷின் நிற்குமே, அப்படி.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. கருவாட்டு வாசனை இல்லை. சின்னபொண்ணு வந்தால் மூன்று வீட்டுக்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும்.

திரும்பிப் பார்த்தேன். அந்த மழையில் நின்றவள் புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

எங்கள் மூச்சுக் காற்றில் எல்லாக் கண்ணாடியும் மங்கியிருந்தது. அவள் பக்கத்துக் கண்ணாடி மட்டும் துடைத்து வைத்த மாதிரி...

4.55. வைப்பர் சத்தம் மட்டும். சரக்... சரக்...

"தவிடு?" என்றாள்.

கிருஷ்ணவேணி முடிச்சைக் கொடுத்தாள். சின்னபொண்ணு ஒரு கையால் அவிழ்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

என்னைப் பார்த்தாள்.

"இது நான் குடுத்ததா?"

"ஆமா."

"அதே தவிடா இருந்தா புள்ள உங்குளுது. இல்லன்னா எனுது. நல்லா யோசிச்சு சொல்லுங்க. நான் குடுத்ததா?"

கிருஷ்ணவேணி என் முகத்தையே பார்த்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாட்டுக்குப் போட்டுவிட்டேன், மன்னித்துவிடு, வேறு வழி இருந்தால் சொல் என்று கெஞ்சியிருக்கலாம். பெண்டாட்டி முன்னால் அசிங்கமாகிவிடும் என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

"ஆமா. நீ குடுத்ததுதான்."

"கடைசியா கேக்கறேன்."

"அதேதான்... உத்தரத்துலயே தொங்கிக்கினு இருந்துச்சு."

சரக்... சரக்...

"சரி" என்றாள்.

பையனைத் துணியில் நன்றாகச் சுற்றிக் கிருஷ்ணவேணி மடியில் வைத்தாள். "தூங்கறான். எழுப்பாத."

5.10. இரண்டு பக்கமும் உப்பளம். ஒரு குடிசை கிடையாது. "இங்கியே எறங்கிக்கிறேன்" என்றாள்.

முருகையன் நிறுத்தினான். அவள் இறங்கினாள்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

மூடிய சத்தமும்...

முருகையன் கியரைப் போட்டான். "அண்ணே, திரும்பிப் பாக்காதீங்க" என்றான்.

5.35க்குக் குப்பம் வந்தது. சின்னபொண்ணு வீட்டைக் கேட்டுப் போனோம். அவள் புருஷன் துரைக்கண்ணு, மழைக்கு வாசலில் சாக்கைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"சின்னபொண்ணா? அது செத்து நாலு மாசம் ஆவுதுங்களே."

கிருஷ்ணவேணி துணியை விலக்கினாள். பையன் கன்னத்தைத் தட்டினாள்.

இன்னொரு தடவை தட்டினாள்.

நான் பிடுங்கித் தூக்கினேன். சில்லென்று இருந்தான். தலை என் கையில் தொங்கியது.

வலது கை மட்டும் இறுக்க மூடியிருந்தது.

ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்...

தவிடு.

சிவப்பு. கொரகொரப்பு. உரலில் குத்தினது.

கிருஷ்ணவேணி பார்ப்பதற்குள் என் வேட்டியில் துடைத்துவிட்டேன்.

பால் புரையேறி மூச்சு அடைத்திருக்கும் என்று மரக்காணத்தில் ஒரு டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. "நான்தானே தூக்கிக் குடுத்தேன், எங்கையாலதானே குடுத்தேன்" என்று கிருஷ்ணவேணி இன்றைக்கும் சொல்லி அழுகிறாள். 'இல்லை, என்னால்தான்' என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. மார்கழியில் நான் மட்டும் பஸ் பிடித்து அந்தக் குப்பத்துக்குப் போனேன். சின்னபொண்ணு எப்படிச் செத்தாள் என்று கேட்காமல் என்னால் தூங்க முடியவில்லை. துரைக்கண்ணு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னான்.

"ஆடிப் பதினெட்டுக்கு மறுநாளுங்க. காலையில நல்லாத்தான் கருவாடு காய வெச்சிக்கினு இருந்தா. பத்து மணி இருக்கும். வயித்தப் புடிச்சிக்கினு அப்பிடியே குந்திட்டா. 'மாடு திங்குது, மாடு திங்குது, ஓட்டுங்க'ன்னா. அதையே சொல்லிக்கினு இருந்தா. பொழுது சாயறதுக்குள்ள போயிட்டா."

பீடியை ஒரு இழுப்பு இழுத்தான்.

"எங்க குப்பத்துல யாருகிட்டயும் மாடே கெடையாதுங்க."