மலைக்கு அந்தப் பக்கத்துக் கேமரா

என் கையெழுத்து கிறுக்கலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் விஷு சீசனில், எம். புதுப்பட்டியிலிருந்து கொல்லத்துக்குக் கம்பெனி லாரியில் பட்டாசு லோடு ஏற்றிப் போனேன். செங்கோட்டை தாண்டியதும் மேனேஜர் போனில் கத்தினார். "ஏலே, மாட்டு வண்டியா ஓட்டுறே? யாவாரி காத்துக் கெடக்காரு, மிதிலே!"

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. மிதித்தேன். மலை தாண்டி, கேரளாவில் ஒரு வேகக் கேமரா பளிச்சென்று என்னைப் படம் பிடித்தது.

திரும்பி வந்து சொன்னபோது சிரித்தார். "மலைக்கு அங்கிட்டு இருக்க கேமரா இங்கன வந்து ஒன்னயப் புடிக்குமாலே?" நானும் நம்பினேன்.

பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். "கேரளாவுல வேகமாப் போயிருக்கீக, அதுவும் வெடி லோடோட. ஓட்டுனது நீங்கன்னு ஒங்க கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு. மூணு மாசம் வண்டியத் தொடக் கூடாது."

வேறு வேலை தெரியாதவன் நான். நேராகக் கம்பெனிக்குப் போய்க் கேட்டேன். லோடுமேன்கள் முன்னாலேயே மேனேஜர் சொன்னார்: "மிதிச்சது ஒன் காலா, என் காலா?" எல்லோரும் சிரித்தார்கள்.

லாரிச் சாவியை அவர் மேசைமேல் போட்டேன். "இனி ஒங்க கால் மிதிக்கட்டும், அண்ணாச்சி."

யாரும் சிரிக்கவில்லை.

மூன்று மாதம் ஆலங்குளத்தில் சிமென்ட் மூட்டை சுமந்தேன். இப்போது வேறொருவருடைய லாரியை ஓட்டுகிறேன். அந்த மேனேஜரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. ஆனாலும் அன்று மிதித்தது என் கால்தான். இப்போது எவன் போனில் கத்தினாலும் அது மிதிப்பதில்லை.

சித்திரை முதல் நாள் எழுதியது.