மங்குஸ்தான் கறை

மங்குஸ்தான் உரித்து விரல் ஊதாவானால், இன்றும் எனக்கு மலாயாவின் சிலிம் ரிவர் ஞாயிற்றுச் சந்தையும், அப்போதுதான் கப்பலேறி வந்திருந்த கங்காணி மகள் செல்லம்மாவின் வெள்ளைப் பாவாடையும்தான் நினைவுக்கு வரும். கருவாடும் ஈரச்சாக்கும் மணக்கும் அந்தச் சந்தையில் அவள் அப்பா அவளுக்கு மடி நிறைய மங்குஸ்தான் வாங்கித் தந்தார். என் அம்மா உப்பு மட்டும் வாங்கினாள். செல்லம்மா கொய்யாவைப்போல் தோலோடு கடிக்கப் போனாள். நசுக்கித் திறக்க வேண்டுமென்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. தோல் கசக்கவே துப்பினாள், கறை பாவாடையெங்கும் படிந்தது. விற்ற மலாய்க்காரி சிரித்துக்கொண்டே ஒன்றைப் பிளந்து கொடுத்தாள். செல்லம்மா பெரிய சுளையாக எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாடி, நீயும் தின்னு. நல்லா இனிக்குது."

வெள்ளைப் பாவாடையைக்கூடப் பொறுத்திருப்பேன். நல்ல மனசும் அவளுக்கே இருந்ததைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.