ஔ வரைக்கும்தான்

பேருக்குத்தான் அது நாற்காலி. பக்கத்து விசையை அழுத்தினால் முதுகு சாயும், கால் மேலே போகும். பாதிக் கட்டில் என்பதே சரி. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அப்படி ஒன்பது நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆளுயர இயந்திரம் ஒன்று. செவ்வாய், வியாழன், சனி, பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை ஜன்னலோர நாற்காலி ஜெராக்ஸ் அக்காவுடையது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின், இயந்திரம் ரத்தத்தை வெளியே இழுத்துக் கழுவி உள்ளே அனுப்புகிறது. இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள். நாலு மணி நேரமும் அந்தக் கை அசையக் கூடாது.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறாள். படிப்பு பாதியில் நின்றது, படிக்கிற ஆசை நிற்கவில்லை. யாராவது முழுப் புத்தகத்தை நகலெடுக்கக் கொடுத்தால் அவளுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம். கண்ணாடிமேல் கவிழ்ப்பதற்கு முன்னால் அந்த இரண்டு பக்கத்தை ஒரு ஓட்டு ஓட்டிவிடுவாள். இப்படி எத்தனையோ கதைகளைப் பாதிப் பாதியாகப் படித்திருக்கிறாள். கதாநாயகி வீட்டை விட்டுப் போனாளா, திரும்பினாளா என்று தெரியாமலே வாடிக்கையாளரிடம் கட்டைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் முழுக்கத் தவித்ததும் உண்டு. கால் வீங்கியபோது நின்றுகொண்டே இருக்கிற வேலை, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். அந்த நம்பிக்கைதான் அவளை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து போட்டது.

பக்கத்து நாற்காலி கணக்கு டீச்சருக்கு. ஐம்பத்தெட்டு வயது, இரும்புக் குரல். ஒரு செவ்வாய்க்கிழமை அவர்தான் ஆரம்பித்து வைத்தார்.

“நாலு மணி நேரம் கூரையையே பார்த்துட்டுக் கிடக்கிறோமே, நாம மனுஷங்களா, மின்விசிறியா? நாளையிலேர்ந்து படிக்கிறோம். அ-வில ஆரம்பிக்கிற பேர்ல ஆளுக்கு ஒரு புத்தகம். அப்புறம் ஆ. அப்படியே வரிசையா.”

“நாளைக்குப் புதன்கிழமை டீச்சர்” என்றார் எதிர் நாற்காலி டிரைவர். முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர்.

“வாயை மூடிட்டு வியாழக்கிழமை புத்தகத்தோட வாங்க.”

நாலாவது ஆளாகச் சேர்ந்தவர் மருந்து கம்பெனி ரெப். இருபத்தேழு வயதில் தானே மருந்து தின்கிற நிலைமை. விதியெல்லாம் டீச்சர் போட்டது. படித்த கதையை மற்ற மூன்று பேருக்கும் சொல்ல வேண்டும். நாலு பேரும் முடித்தால்தான் அடுத்த எழுத்து. ஒருத்தர் பாக்கி வைத்தாலும் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

முதல் வாரமே சிக்கல் வந்தது. ஒரு கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்போது புத்தகத்தை எப்படிப் பிடிப்பது? விரித்தால் மூடிக்கொள்கிறது, பக்கத்தைத் திருப்பினால் மடியிலிருந்து வழுக்குகிறது. டிரைவர் பொறுமை போய், தடிப் புத்தகத்தை முதுகில் பிளந்து மூன்று துண்டாக்கிவிட்டார். டீச்சர் அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாலு புத்தகத்தையும் தன் கடைக்குக் கொண்டுபோய், வெட்டும் இயந்திரத்தில் முதுகைச் சீவி, துளை போட்டு, ஸ்பைரல் மாட்டிக் கொண்டுவந்தாள். பக்கம் முழுசாகப் பின்னால் மடிந்தது. ஒரு கையில் பிடிக்கலாம், கட்டைவிரலால் திருப்பலாம். டீச்சர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, “பரவாயில்லை, உருப்படியா ஒரு வேலை” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அங்கே பெரிய விஷயம். அதிலிருந்து எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் அக்கா கைக்குப் போய் வெட்டுப்பட்டுத்தான் நாற்காலிக்கு வரும்.

அன்றைக்கே அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். “நான் உங்களோட ஔ வரைக்கும்தான். அதுக்கு மேல நீங்களே பார்த்துக்குங்க. என் தம்பி கிட்னி குடுக்கிறான்.”

தம்பி அவளுக்கு ஒன்பது வயது இளையவன். லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அக்காவுக்கு இப்படி என்று தெரிந்த அன்று, வேலைச் சட்டையில் கிரீஸ் கறையோடு ஓடிவந்து நின்றான். “என்கிட்ட ரெண்டு இருக்கு, உனக்கு ஒண்ணு. இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?” என்றான். சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னதில்லை அது. அந்த நிமிஷம் அங்கேயே படு என்றால் படுத்திருப்பான்.

அ, ஆ இரண்டும் பறந்தன. இ-யில் ரெப்புக்கு அவர் அப்பா கிட்னி கொடுத்தார். மூன்று வாரம் கழித்து முகக்கவசத்தோடு வாசலில் நின்று கையாட்டினார். முகம் பாதிதான் தெரிந்தது, அந்தப் பாதியே பளபளவென்றிருந்தது. அக்கா இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அடுத்தது தான்தான் என்று அவளுக்குத் தீர்மானமாகத் தெரிந்தது.

உ-வில் தம்பியின் பரிசோதனைகள் முடிந்தன. எல்லாம் பொருந்தியது. “எங்க கடை நகல் கூட இவ்வளவு சுத்தமா விழாது” என்று அக்கா சிரித்துக்கொண்டே டிரைவரிடம் சொன்னாள். இனி தேதி குறிக்க வேண்டியதுதான்.

ஊ-வில் தம்பி மகளுக்குப் பரீட்சை. முடியட்டும் என்றான். நியாயம்தான். எ-யில் கம்பெனியில் ஆள் பற்றாக்குறை, லீவு கிடையாது. அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் தம்பி மனைவி போனில் பேசினாள். “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அவர் தினமும் லிஃப்ட் குழியில இறங்குறாரு, அத்தனை மாடி ஏறுறாரு. ஒத்தைக் கிட்னியோட ஏதாவது ஆச்சுன்னா நானும் புள்ளையும் எங்க போவோம்?” “பாப்பாவைப் பார்த்துக்கம்மா” என்று அக்கா போனை வைத்தாள். அந்தப் பெண் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள். கெட்டவள் என்று யாராவது ஒருத்தி கிடைத்திருந்தால் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

ஏ-யில் ஒரு வியாழக்கிழமை டீச்சர் நாற்காலி காலியாக இருந்தது. சிஸ்டர் புது விரிப்புப் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பன்னிரண்டே காலுக்கு யாரோ ஒரு பெரியவரை அங்கே படுக்கவைத்தார்கள். இயந்திரம் அவருக்கும் அதே சத்தத்தோடு ஓடியது.

டிரைவர் எதிர் நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கினார். “டீச்சர் ஏ முடிச்சாங்களான்னு தெரியலையே.”

நாலு பேரும் முடித்தால்தான் அடுத்த எழுத்து. ரெப் போனபின் அது மூன்று பேரானது. இப்போது விதி போட்டவரே போய்விட்டார், விதி மட்டும் நின்றது. சிஸ்டர் அலமாரியிலிருந்து டீச்சரின் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அறுபத்திரண்டு பக்கம் மீதி. அதை அக்கா படித்து, டீச்சர் சொல்கிற மாதிரியே கறாராக டிரைவருக்குக் கதை சொன்னாள். கடைசியில் கதை ஒன்றும் பிரமாதமாக இல்லை. டீச்சர் இருந்திருந்தால் கிழித்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் அக்கா மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள்.

யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் கணக்கு எளிதானது. ஔ-வுக்குள் போய்விடுவேன் என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. தம்பியோ “இந்த வாரம் பேசறேன்க்கா” என்கிறான், அந்த வாரம் வருவதே இல்லை. அவன் வேகத்துக்கு எழுத்துதான் வளைந்துகொடுக்க வேண்டும். ஒரு உட்காரலில் நாற்பது பக்கம் விழுங்கியவள் பத்துப் பக்கத்தோடு நிறுத்தினாள். ஒ வந்தபோது அது ஐந்தாயிற்று. படித்த பக்கத்தையே திரும்பப் படித்தாள், அச்சுப்பிழை எண்ணினாள், புத்தகத்தை மார்மேல் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க முடிவு தெரியாமல் தவித்தவள் இப்போது முடிவு வந்துவிடப் போகிறதே என்று பயந்தாள்.

பாதிச் சிகிச்சையில் ரத்த அழுத்தம் இறங்கிக் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். அந்த வலியில் கூட, இன்றைக்குப் படிக்காமலிருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று ஒரு மூலையில் நிம்மதி. இப்படி ஒரு நிம்மதியை என்னவென்று சொல்ல.

டிரைவர் கவனிக்காமல் இல்லை. பேருந்தின் கண்ணாடியில் பின்னால் இருக்கிற அறுபது பேரையும் பார்த்துப் பழகிய கண். “எனக்கும் இன்னும் நாப்பது பக்கம் பாக்கி இருக்கும்மா, அவசரமில்லை” என்பார் ஒவ்வொரு முறையும். அவர் முடித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். கதையின் முடிவை சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அக்கா காதில் விழுந்திருந்தது. அவர் பொய்யை அவளும் கேட்டுக்கொண்டாள்.

தம்பியிடம் அவளாக வாய்திறந்து கேட்கவில்லை. அம்மா தினமும் நச்சரித்தாள். “நீயா கேளேன்டி. கேட்டாத்தானே தெரியும்?” அதுதான் பயம். கேட்டால் தெரிந்துவிடும். கேட்காத வரைக்கும் அது இருக்கிறது.

ஔ-வுக்குப் புத்தகம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஊரெல்லாம் தேடி, மூலிகை மருந்து பற்றிய பழைய புத்தகம் ஒன்றுதான் அகப்பட்டது. தொண்ணூற்றாறு பக்கம். அக்கா ஒரு பிரதி எடுத்து டிரைவருக்குக் கொடுத்தாள். அதிலிருக்கிற எந்த வேரும் தழையும் இரண்டு பேருக்கும் உதவாது. ஒரு உட்காரலுக்கு ஒரு பக்கம் என்று ஓட்டினாள். ஜீரணக் கோளாறு, தலைச்சுற்றல், நகச்சுற்று. பன்னிரண்டு வாரத்தில் முப்பத்தாறாம் பக்கம் வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தம்பி வந்தான்.

மூன்றாம் மாடிக்கு அவன் கடைசியாக வந்து ஐந்து மாதமாகியிருந்தது. காலுக்கு நீல உறை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு கனமான பையோடு, வாசலில் தயங்கி நின்றான். அக்காவின் ஊசிக் கை அசைந்துவிட்டது. இயந்திரம் ஒரு தடவை கூவி அடங்கியது. நேரில் வந்திருக்கிறான் என்றால் தேதியோடுதான் வந்திருக்கிறான்.

“ஐஞ்சு நிமிஷம்தான்” என்றாள் சிஸ்டர்.

தம்பி பையைக் கீழே வைத்தான். அக்காவின் ஊசி குத்திய கையைப் பார்த்துவிட்டு உடனே கண்ணை விலக்கிக்கொண்டான்.

“அக்கா, நீ படிக்கிறியே, அந்த வரிசை… அம்மா சொன்னாங்க. ஔ முடியப் போகுதாமே.” குனிந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தான். ஸ்பைரல் போட்டிருந்தது. அட்டை மூலையில் தடித்த பேனாவால் பெரிதாக ‘க’ என்று எழுதியிருந்தது. அடுத்தது ‘கா’. அடுத்தது ‘கி’. எடுத்து எடுத்து வைத்தான், எல்லாமே ஸ்பைரல்.

“உன் கடையிலதான் போட்டேன். மூணு நாள் சாயங்காலம் நானே நின்னு வெட்டினேன். முதல் ரெண்டும் கோணலாப் போச்சு, அப்புறம் கை பழகிடுச்சு. ச வரிசை முடிய இருபத்திநாலு இருக்குக்கா. மீதிய அடுத்த மாசம் கொண்டாரேன்.”

அக்கா ஒரு புத்தகத்தை எடுத்து ஒற்றைக் கையால் திருப்பினாள். பக்கம் பிசிறில்லாமல் பின்னால் மடிந்தது. நல்ல வெட்டு. துளை கூட அச்சாக விழுந்திருந்தது. இரண்டு கையும் சும்மா இருக்கிறவர்களுக்கு ஸ்பைரல் தேவையில்லை. வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, ரெப் மாதிரிப் போகிறவர்களுக்கு, சாதாரணப் புத்தகம் போதும். இருபத்திநாலு புத்தகம் இந்த நாற்காலிக்காக, இந்த ஊசிக்காகச் செய்தது. வாயால் சொல்ல முடியாததை மூன்று நாள் நின்று வெட்டி, துளைபோட்டுக் கொண்டுவந்திருக்கிறான் தம்பி. தான் என்ன கொண்டுவந்தோம் என்று அவனுக்கே தெரிந்ததோ இல்லையோ, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, தலையைத் தடவ வேண்டும் போலவும் இருந்தது. இருந்தது ஒரு கை, அதில் புத்தகம்.

“பாப்பா நல்லாருக்காளா?” என்றாள்.

“நல்லாருக்கா.”

“சாப்பிட்டியா நீ?”

“ம்.” அவள் மடியிலிருந்த புத்தகங்களை எடுத்துக் கால்மாட்டில் அடுக்கினான். “அக்கா, நான் வந்து…”

“லிஃப்ட் மேல ஏறும்போது பெல்ட்டு போட்டுக்க. சும்மா மாட்டாம ஏறாத. குடும்பம் இருக்கு உனக்கு.”

அவன் முகம் உடைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, சின்ன வயதில் அடிவாங்கினால் அழுகிற மாதிரியே சத்தமில்லாமல் தோள் குலுங்க அழுதான். அவள் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. நேரமாச்சு என்று சிஸ்டர் வந்து சொன்னதும், அவன் காலிப் பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

புத்தகங்கள் கால்மாட்டில் அடுக்காக இருந்தன. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“தம்பியாம்மா? என்னமா பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கான். எனக்கெல்லாம் இப்படிச் செய்ய ஒரு ஆள் கிடையாது.”

“ஆமாண்ணே. நல்லவன்.”

“நமக்கு அவசரமில்லையே. உனக்கு ஔ இன்னும் பாக்கி இருக்கில்ல?”

அக்கா மருந்துப் புத்தகத்தை மூடி வயிற்றின்மேல் வைத்தாள்.

“முடிச்சுட்டேண்ணே.”

“எப்ப?”

“இப்பதான்.”

டிரைவர் அவளையே பார்த்தார். அடையாளச் சீட்டு முப்பத்தாறாம் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது அவர் கண்ணிலும் பட்டது. தன் புத்தகத்தை எடுத்து அவரும் மூடி வைத்தார்.