தொண்ணூற்றாறில் நின்ற கும்மி

காலையில் ஒரு பனியன் கம்பெனி விளம்பரத்துக்காகப் பாட்டு ஒன்றை எடிட்டிங் மென்பொருளில் இழுத்துப் போட்டேன். 'ப்ராஜெக்ட் டெம்போவுக்குப் பொருத்தவா?' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. பாட்டின் தாள வேகத்தை மாற்றவா என்று கேட்கும் சாதாரணக் கேள்விதான். நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கூடவே மல்லிகையும் புழுதியும் புதுச்சேலைக் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை. குன்னத்தூர்ப் பக்கத்துக் கோயில் மைதானத்து வாசனை அது.

அப்போது கல்லூரி முடித்த புதிது. யாராவது பாட்டென்று வாயைத் திறந்தால் நான் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். எங்கள் வீதி கவிதா அக்கா பகலில் பனியன் கம்பெனியில் துணி செக்கிங், மாலையில் வள்ளி கும்மி சொல்லிக்கொடுப்பார். அந்த மைதானத்தில்தான் அவருடைய முதல் அரங்கேற்றம். "பொம்பள வாத்தியாருங்களா?" என்று இழுத்தவர்கள் எல்லாரும் முன்வரிசையில். சொதப்பினால் அடுத்த ஊர் அவரைக் கூப்பிடாது. நேரம் பார்த்துப் பஞ்சுத் தூசி, பாட வேண்டிய அவர் தொண்டையை அடைத்துவிட்டது. பயிற்சியில் பாடியது செல்போனில் இருந்தது. அதையே ஒலிக்கவிடுவதாக முடிவு.

அப்படியே போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நான் இருப்பேனா? அடியில் ஜமாப் மேளம் சேர்த்தேன். குரலும் மேளமும் ஒட்ட வேண்டுமே! பெட்டி கேட்டதும் 'சரி' என்று தட்டினேன். டெம்போ தொண்ணூற்றாறு, அதாவது நிமிடத்துக்கு அத்தனை தட்டு. முதல் நிமிடம் அட்டகாசமாக ஒட்டியது. அதற்கு மேல் கேட்கவில்லை. என்னை நானே பாராட்டிக்கொள்ளும் வேலை இருந்தது.

கும்மி மெல்லத் தொடங்கும், போகப் போக வேகம் ஏறும். அக்காவும் அப்படித்தான் பாடியிருந்தார். அந்த ஏற்றத்தை, அயர்ன் போட்டுச் சுருக்கம் எடுப்பதுபோல, மென்பொருள் நீவி எடுத்திருந்தது.

பச்சைச் சேலைப் பெண்கள் வட்டம் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கைதட்டல் மேளத்தை முந்தியது. கால்கள் வேகமெடுத்தன, பாட்டு நகரவில்லை.

"ஏனுங்க, இது கும்மியா, தாலாட்டுங்களா?" முன்வரிசையில் ஒரு பெரியவர். சுற்றிலும் சிரிப்பு.

ஆடிக்கொண்டே என்னைக் கடந்த தென்காசி எஸ்தர் அக்கா, "ஏலேய், ஒம் பாட்டு உறங்குதாலே?" என்று கத்திவிட்டுப் போனார்.

கவிதா அக்கா என் தோளைப் பிடித்தார். குரல் வெறும் காற்றாக வந்தது. "பாட்டு ஏறவே மாட்டீங்குது கண்ணு. நிறுத்தீராத. நிறுத்துனா என் சோலி முடிஞ்சுது."

பாட்டை ஓடவிட்டிருந்த லேப்டாப் திரையில் டெம்போ எண்ணைப் பார்த்தேன். குரலும் மேளமும் அதோடு கட்டப்பட்டவைதானே, எண்ணை ஏற்றினால் இரண்டும் ஏறும்! தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. ஒரேயடியாகத் தூக்கினால் குரல் விக்கிவிடுமோ என்று பயம். திரையை விட்டுவிட்டு எஸ்தர் அக்காவின் கைகளை மட்டும் பார்த்தேன். தட்டு விழும், ஓர் எண் ஏற்றுவேன். மறுபடி தட்டு, இன்னோர் எண்.

"ஏத்து கண்ணு, இன்னும் ஏத்து!" அக்காவின் நகம் தோளில் இறங்கியது.

நூற்றுப்பத்தைத் தாண்டி எங்கோ, மேளமும் கையும் ஒரே இடத்தில் விழுந்தன. மைதானமே ஒரு முறை அதிர்ந்ததுபோல் இருந்தது. தாலாட்டு என்ற பெரியவர் தன்னையறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் பல்லடத்துக்காரர் ஒருவர், "நம்மூருக்கும் வரோணுங்க" என்று அக்காவிடம் வந்து நின்றார்.

இப்போது அக்காவுக்குப் பல ஊர்களில் குழுக்கள். பாட்டெல்லாம் என் கைவண்ணம். டெம்போ எங்கே ஏற வேண்டும் என்று முன்கூட்டியே கோடு வரைந்துவிடுகிறேன். பிசகு வருவதே இல்லை. பாட்டை முந்திக்கொண்டு யாரும் ஓடுவதும் இல்லை. போன வாரம் பயிற்சியில் கவனித்தேன். வேகம் பிடிக்கும் இடம் வந்ததும், எஸ்தர் அக்காவே கையைத் தூக்கியபடி, பாட்டு ஏறட்டும் என்று ஒரு கணம் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.