இருப்பதிலேயே மெதுவானது

கம்ப்யூட்டர் கடைக்குப் போய், "இருக்கிறதிலேயே மெதுவானது எது?" என்று கேட்ட ஆள் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கேட்கும்போது எனக்கு அது விளையாட்டாக இல்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் நான் புக்கிங் கிளார்க்காக இருந்தேன். எவர்சில்வர் பாத்திர மூட்டை, சுங்குடிச் சேலைக் கட்டு, அப்பளப் பெட்டி, மோட்டார் உதிரி பாகம் என்று விடிந்ததிலிருந்து சரக்கு வந்துகொண்டே இருக்கும். எழுத்து வேலைக்கு இரண்டு பேர். சரக்கு வந்ததும் அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார், எத்தனை உருப்படி, என்ன எடை என்று கேட்டு ரசீது போடுவது நான். சாயங்காலம் லாரி கிளம்புமுன் அன்றைய ரசீதுகளையெல்லாம் பார்த்து, ஒரு நீளத் தாளில் வரிசையாக எழுதி லோடு ஷீட் தயார் செய்வது என் எதிர் மேஜைக்காரர். நாலு கார்பன் வைத்து ஐந்து பிரதி. அது கையில் இல்லாமல் டிரைவர் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது.

அவரை நான் அண்ணே என்பேன். முதலாளி அவரை பாய் என்பார். கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்பக்கத்துச் சந்தில் வீடு. ஐம்பதைத் தாண்டியவர். அவர் கையெழுத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தக் கோழிக்கிறுக்கல். டிரைவர்கள் தலையில் அடித்துக்கொண்டுதான் வாங்கிப் போவார்கள். ஆனால் முந்நூறு உருப்படி ஏற்றினாலும் ஒன்றுகூட விட்டுப்போகாது. இரண்டு முழங்காலும் தேய்ந்து போனவர், பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க மாட்டார். குடோனுக்குப் போய் மூட்டை எண்ணச் சொன்னால் முடியாது. எழுதுவதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஒரே மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தாள்.

"இவ படிச்சு ஒரு டீச்சரம்மாவா போயி உக்கார்ற வரைக்கும் எனக்கு இந்த வேலை நெலைக்கணும் மாப்ள. அதுக்கப்பறம் நான் எக்கேடு கெட்டாலும் சரி" என்பார்.

ஒரு நாள் முதலாளி வந்ததும் வராததுமாக, "பக்கத்து ஆபீஸ்ல கம்ப்யூட்டர் போட்டுட்டாய்ங்கப்பா. அம்புட்டு வேலையையும் ஒத்த ஆளு உக்காந்து பாக்குறான். நம்ம ஆபீஸுக்கு மட்டும் ரெண்டு பேரு எதுக்கு?" என்றார். அண்ணன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி என் பக்கம் திரும்பி, "நீதான் கோர்ஸ் படிச்சவன். ஆபீஸ் வேலைக்குத் தக்கன ஒண்ணு பாத்து வாங்கிட்டு வா" என்றார். நான் படித்தது மூன்று மாதக் கோர்ஸ். அதிலும் பாதி நாள் கரண்ட் கிடையாது.

டீக்கடையில் அண்ணன் கேட்டார். "அது எம்புட்டு வேகமா எழுதும் மாப்ள?"

"பிராசஸர்னு உள்ள ஒண்ணு இருக்குண்ணே. அதைப் பொறுத்துத்தான் வேகம்."

அங்கேயே எனக்கு ஒரு யோசனை உதித்தது. லாரி ஆபீஸ்காரன் புத்தி எனக்கு. லோடுமேன் மெதுவானவனாக இருந்தால் கூட ஓர் ஆள் போடுவோம். லாரி மெதுவானதாக இருந்தால் இன்னொரு லாரி பிடிப்போம். அப்படியானால் மிஷினும் மெதுவானதாக இருந்துவிட்டால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? இந்தக் கணக்கில் எங்கேயும் ஓட்டை இருப்பதாக எனக்குப் படவில்லை.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடிக்கடை. கடைக்காரர் என் வயதுதான்.

"என்ன வேலைக்குண்ணே?"

"ரசீது போடணும். லிஸ்ட் அடிக்கணும்."

"அம்புட்டுத்தானா? செலரான் பிராசஸர் போட்டுக்கங்க, தாராளம். பென்டியம் எல்லாம் டிசைன் போடுறவங்க, படம் வெட்டி ஒட்டுறவங்க வாங்குறது. ரசீது அடிக்கிறதுக்கு அது தெண்டம்."

அவரை நான் குறை சொல்லவே முடியாது. இருப்பதில் விலை கூடினதை என் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாரும் வேகமானது எதுன்னுதாண்ணே கேப்பாங்க."

"எங்களுக்கு அவசரம் இல்லப்பா."

கீழ்த்தட்டிலிருந்து தூசி படிந்த ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். போன வருடத்துச் சரக்கு, செலரானிலேயே கீழ் ரகம், யாரும் கேட்காமல் தங்கிப்போனது என்றார். மெமரி நூற்றிருபத்தெட்டு போடலாமா என்றதற்கு, அறுபத்துநாலு போதும் என்றேன். "விண்டோஸ் ஏறுறதுக்குள்ள ஒரு டீயைக் குடிச்சிட்டு வந்துரலாம், பரவால்லையா?" என்று சிரித்தார். பரவாயில்லை என்றேன். பில் போடும்போது, "உங்க வேலைக்கு இதுவே கூடுதல்தாண்ணே" என்றார். அந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் நின்று, ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். வேலை சுலபமாக முடிந்த குஷியில் படியிறங்கிவிட்டேன்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். இம்புட்டுச் சிக்கனமாக எவனும் வாங்கமாட்டான் என்று லோடுமேன்கள் முன்னால் என்னைப் புகழ்ந்தார். அதைக் கேட்க எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. இல்லையென்று இப்போது நடித்து என்ன ஆகப்போகிறது.

முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. புது லாரி வந்தாலும், புதுத் தராசு வந்தாலும் முதலில் அண்ணன்தான் தொட வேண்டும். அவருக்குக் கைராசி என்று ஆபீஸ் முழுக்க நம்பிக்கை. புது லாரியின் முதல் நடைக்கு அவர் எழுதின லோடு ஷீட்தான் போகும். ஆகவே வெள்ளிக்கிழமை காலை மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, "பாய், நீங்க வந்து போட்டு விடுங்க" என்றார். அண்ணன் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லி பட்டனை அமுக்கினார்.

திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு விண்டோஸின் மேகப்படம் வந்து, அதிலேயே நின்றது. வந்திருந்தவர்கள் கலையத் தொடங்கினார்கள்.

"என்ன மாப்ள, இம்புட்டு நேரம் எடுக்குது?"

"அது அப்படித்தாண்ணே" என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பேரும் குடோன் வாசலில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் தின்றோம்.

பார்சல் ஆபீஸ்களுக்கென்றே புரோகிராம் எழுதுகிற ஒருவர் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து ஏதோ செய்தார். திங்கட்கிழமை முதல் ரசீதைக் கம்ப்யூட்டரில் போட ஆரம்பித்தோம். நான் இரண்டு விரலால் தட்டுகிறவன். சரக்குக் கொண்டுவந்தவர்கள் வெயிலில் நின்று வைதார்கள். அண்ணன்தான் தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "எவர்சில்வர், நாலு உருப்படி, கோயமுத்தூர்" என்று ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துச் சொன்னார். அவர் உதவியில்லாமல் அன்றைக்கு நான் பாதி ரசீதுகூடப் போட்டிருக்க மாட்டேன். என் யோசனை பலித்துவிட்டது, மெதுவான மிஷினுக்கு இரண்டு ஆள் வேண்டித்தான் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு அவர் தன் மேஜைக்குப் போனார். ஐந்து தாளையும் நாலு கார்பனையும் அடுக்கி, தட்டிச் சீராக்கி, பேனா மூடியைக் கழற்றினார். "ரசீதைக் குடு மாப்ள, எழுத ஆரம்பிப்போம்."

அன்றைக்கும் வந்து எனக்குப் பின்னால் நின்றிருந்த புரோகிராம்காரர், "எதுக்குங்க எழுதணும்?" என்று குனிந்து ஒரே ஒரு பட்டனைத் தட்டினார். மிஷின் தன் வழக்கப்படி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பிரிண்டர் கிரீச்சிட்டுக்கொண்டு தாளைத் தள்ள ஆரம்பித்தது. காலையிலிருந்து நான் அடித்த ரசீதுகள் அத்தனையும் வரிசையாக, கீழே மொத்த உருப்படி, மொத்த எடையோடு வந்து விழுந்தன.

மிஷினுக்குள் ஒரு தடவை ஏறின எழுத்தை மறுபடி யாரும் எழுத வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அண்ணனின் வேலையே அந்த இரண்டாம் தடவை எழுத்துதான். பிராசஸர் மெதுவானதோ வேகமானதோ, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டனைத் தட்டி அரைமணி நேரம் ஆனாலும் அவர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

அவர் அந்தத் தாளை வாங்கி, விரல் வைத்து ரசீதுகளோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார். ஒரு தப்பாவது இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். "சரியா இருக்கு" என்றார். தாள்களுக்கு நடுவிலிருந்து கார்பனை ஒவ்வொன்றாக உருவி டப்பாவுக்குள் வைத்தார். பேனாவை மூடினார்.

முதலாளி கெட்டவர் இல்லை. இரண்டு மாதம் சும்மா வைத்திருந்தார். குடோனில் மூட்டை எண்ணப் போட்டுப் பார்த்தார், முழங்கால் வீங்கி நாலு நாள் லீவாகிவிட்டது. கடைசியில் ரம்ஜான் முடிந்த மறுவாரம், அண்ணனாகவே வந்து, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நான்தான் அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு அவர், "வீட்ல புள்ளை கேட்டுச்சு மாப்ள. இத்தனை வருஷம் நீங்க பாத்த வேலையை அது எப்படி அத்தா ஒரே நாள்ல பாக்குதுன்னு. அது சாமானிய மிஷின் இல்லம்மா, மெட்ராஸ்லேருந்து வரவழச்சது, இருக்கதுலயே பெரிய ரகம்னு சொல்லி வச்சிருக்கேன். பெரிய ரகந்தானே?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "இல்லண்ணே. இருக்கதுலயே மெதுவானது, இருக்கதுலயே சின்னது. கடையில தேடி எடுத்தேன். உங்க வேலை போயிரக் கூடாதுன்னுதான்ணே அதை வாங்குனேன்."

நீ என்ன செய்வாய் மாப்ள என்று என் தோளில் தட்டுவார் என எதிர்பார்த்தேன். அவர் டீக்கிளாஸைப் பலகையில் வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

"அப்ப, அந்தச் சின்னதுக்கே நான் ஈடில்லையா மாப்ள?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சரி, போயிட்டு வாரேன்" என்று சொல்லி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கோரிப்பாளையம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.

பெரிய ரகந்தானே என்று அவர் கேட்டதற்கு 'ஆமாண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நேரத்திலும் எனக்கு நல்லவன் என்று பெயர் வாங்க வேண்டியிருந்தது.