கடலுக்குப் போகாத மணல்

சுகிர்தாவைக் கடல் படிப்பு படிக்க வைத்தவை இரண்டு மாடுகள். நான் சும்மா சொல்லவில்லை. அந்த மாடுகளுக்குத் தவிடும் பிண்ணாக்கும் உத்திரமேரூரில் எங்கள் தீவனக் கடையில்தான் வாங்குவான் அவள் அண்ணன் டேனியல். அப்பா, அம்மா இருவரும் பெருநகரில் கழனிக் கூலி. டேனியல் செய்யாற்று மணலை மாட்டுவண்டியில் அள்ளி, வீடு கட்டுகிறவர்களுக்குப் போட்டுத் தங்கையைப் படிக்க வைத்தான்.

பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் சுகிர்தா. "கடலே இல்லாத ஊர்ல கடல் படிப்பு இன்னாத்துக்குடி?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். "நம்ம ஆத்து மண்ணு போயித்தான் அங்க கரையா நிக்கிது வகிதா" என்பாள்.

சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை வருஷக்கணக்காக அளந்தாள். ஆற்றிலிருந்து மணல் வராததால் கடல் கரையைத் தின்கிறது, மீனவர் வீடுகள் போகின்றன என்று நிரூபித்தாள். விதி எழுதும் அரசுக் குழுவுக்கு அவளையும் கூப்பிட்டார்கள். இயந்திரம் வைத்து அள்ளக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள்.

"இயந்திரம்னு போட்டா ஓட்டை விழும் மேடம். யாரும், எதிலும் அள்ளக் கூடாதுன்னு போடுங்க" என்றாராம் ஒரு அதிகாரி. கடலுக்கு நல்லதுதானே என்று அவளும் தலையாட்டியிருக்கிறாள். அண்ணனின் வண்டி அப்போது நினைவுக்கே வரவில்லையாம். எனக்கு அதுதான் ஆத்திரம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. லாரிக்காரர்கள் ஏரி தூர்வாருவதாக அனுமதி வாங்கிக்கொண்டு ஆற்றிலேயே இறங்கினார்கள். பிடிபட்டது மாட்டுவண்டிதான். டேனியலின் வண்டியையும் மாடுகளையும் காவல் நிலையத்தில் கட்டிப்போட்டார்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் காட்ட ஆளில்லை. சுகிர்தா சென்னையிலிருந்து ஓடி வருவதற்குள் செவலை மாடு செத்துக் கிடந்தது. தான் யாரென்று சொல்லிக் கெஞ்சியவளிடம், "நீங்க எழுதின சட்டந்தானே மேடம்" என்றார்கள்.

டேனியல் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. மிஞ்சிய மாட்டை விற்றான். எங்கள் கடைப் பக்கம் வருவதையும் நிறுத்தினான்.

விதியைத் திருத்தியே தீருவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். லாரிகள் அள்ளுவதற்கு ஆதாரமாகப் படம் வேண்டும், ஆள் முகம் தெரிய வேண்டும் என்றது குழு. போன ஆடியில் என் ஸ்கூட்டரில் அவளை ஆற்றுக்கு அழைத்துப் போனேன். பட்டப்பகலில் பொக்லைன் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கேமராவைத் தூக்கினாள். லாரி மேல் ஒருவன் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, மண்வெட்டியால் மணலை நிரவிக்கொண்டிருந்தான். எனக்கு அடையாளம் தெரிவதற்குள் அவள் கேமராவைத் தாழ்த்திவிட்டாள்.

டேனியல் எங்களைப் பார்த்தான். துண்டை அவிழ்த்தான்.

"எடு சுகிர்தா. மூஞ்சி நல்லா தெரியட்டும்" என்றான். "எனக்கு வேற வேலை இன்னா கீது?"

குரலில் குத்தல் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. தங்கை கேட்டதையெல்லாம் கொடுத்தே பழகியவன், இதையும் கொடுக்க நின்றான்.

அவள் கேமராவைப் பையில் போட்டுவிட்டாள். லாரி வாலாஜாபாத் பக்கம் போனது. குழுவுக்குப் படம் போகவில்லை. விதி அப்படியே இருக்கிறது.

கடற்கரையில் இன்னொரு தெருவும் போய்விட்டது என்று நேற்று போனில் அழுதாள்.