கடைசி வண்டி அதீக்

யாரோ தவறவிட்ட டயர் வால்வு மூடி ஒன்றுக்காக அதீக் மண்டியிட்டு மணலைச் சலித்துக்கொண்டிருக்கிறார். தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடம். மணலில் புதையாமல் ஓட டயர்களின் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு, மற்ற வண்டிகள் எல்லாம் உறுமிக்கொண்டு நிற்கின்றன. "மச்சான், ஒரு மூடிக்காக நாங்க பொழுது சாயற வரைக்கும் நிக்கணுமா?" என்று முன்வண்டியிலிருந்து ரேடியோவில் கத்துகிறார் பூத்தி. அதீக் நிமிர்ந்து பார்ப்பதில்லை. விரலிடுக்கில் மணலை ஒழுகவிட்டு, மிளகு போலக் கறுப்பாக எதையோ பொறுக்கி, ஊதி, வெள்ளை அங்கியின் பையில் போட்டுக்கொள்கிறார். அந்தப் பையில் ஊராருடைய மூடிகள் எப்போதும் ஒரு கைப்பிடி கிடக்கும். பயணம் முடிந்து திரும்பக் காற்றடிக்கும்போது, "என்னோடதக் காணோமே" என்று யாராவது வந்து நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஒவ்வொரு குளிர்காலமும் லிவா பாலைச்சோலையில் புறப்பட்டு உம் அல் ஸமூல் வரை மணல்மேடுகளின் ஊடே நாலைந்து நாள் ஓடும் இந்த வண்டி வரிசையில் அதீக்குக்கு ஒரே இடம்தான். கடைசி. வழி கண்டுபிடிப்பது முன்வண்டியின் பாடு. அதை ஓட்டுவது அவர் மைத்துனர் பூத்தி. யாரும் பின்தங்கிப் போகாமல் பார்த்துக்கொள்வது கடைசி வண்டியின் பாடு. இழுகயிறு, மண்வாரி, தண்ணீர் கேன்கள், அரிசி மூட்டை, காபிச் சாமான்கள் என்று எல்லாப் பாரமும் அதன் முதுகில்தான். முன்வண்டிக்குக் காற்று நீவிவிட்ட மணல் கிடைக்கும். கடைசி வண்டிக்குக் கிடைப்பது எல்லோரும் உழுதுபோட்ட மிச்சம்.

ஒவ்வொரு முகட்டைத் தாண்டியதும் பூத்தி ரேடியோவில் கேட்பார்: "கடைசி வண்டி?"

"தாண்டியாச்சு. பின்னால மணல்தான்" என்பார் அதீக். அந்தக் குரல் வந்த பிறகுதான் வரிசை நகரும்.

தொழிலிலும் மனிதர் இப்படித்தான். மதீனத் ஸாயித் நகரில் கல்யாணக் கூடாரங்களை வாடகைக்கு விடுகிறார். மாப்பிள்ளை போய், விருந்தாளிகள் போய், தட்டு கழுவுகிறவர்களும் போன பிறகு, நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து குழந்தைகளின் ஒற்றைச் செருப்புகளைத் தேடி எடுப்பார். சாப்பாட்டுத் தாம்பாளத்தில் கை வைப்பதும் கடைசியாக. "எல்லாரும் தின்னாங்களான்னு பாத்துட்டுத் தின்னா, ருசியே தனி" என்று சொல்லிவிட்டு, அடிச்சோற்றைச் சுரண்டுவார்.

வண்டியில் ஒரு விசித்திரம் உண்டு. உள்ளே கூரை வரை சாமான் அடைத்திருப்பதால் நடுக்கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் எந்தக் காலத்திலோ மடக்கியவர், மணலில் இறங்கினால் விரிப்பதே இல்லை. கேட்டால், "பின்னால பாக்க என்ன இருக்கு? எனக்குப் பின்னால வர்ற ஆளு இன்னும் பொறக்கலய்யா" என்று சிரிப்பார்.

இந்த முறை வரிசையில் ஒரு புது வண்டி. ஓட்டியது ஷம்மா, அதீக்கின் மனைவி, பூத்தியின் அக்கா. பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியை; அடுத்தவர் சொல்லைக் கேட்டுப் பழக்கமில்லாத உத்தியோகம். முந்தைய வருடங்களில் கணவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவர், இந்த வருடம் புறப்படும் முன்பே அறிவித்துவிட்டார். "உங்ககூட உக்காந்து ஊர்ப் புழுதியெல்லாம் தின்னது போதும். எனக்குத் தனி வண்டி." வண்டிகள் அத்தனையும் வெள்ளை என்பதால், மேட்டுக்கு அப்பாலும் ஆளைத் தெரிந்துகொள்ள ஒவ்வொன்றிலும் நீளமான கம்பில் ஒரு கொடி ஆடும். ஷம்மா மஞ்சள் துணி வாங்கித் தன் கொடியைத் தானே தைத்துக்கொண்டார்.

பூத்தி அக்காவுக்கு இடம் ஒதுக்கியது கடைசி வண்டிக்கு நேர் முன்னால். "உன் வீட்டுக்காரியை உன் கண்ணு முன்னாலயே வெச்சிருக்கேன் மச்சான். ஏதாவது ஆச்சு, அப்புறம் நம்ம உறவு அத்துப்போகும், ஆமா" என்றார் விளையாட்டாக.

முதல் இரண்டு நாள் வரிசை முழுவதும் ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஷம்மா, கியரைக் குறை" என்பார் அதீக்.

"எனக்குத் தெரியும்."

"முகட்டுல பிரேக்கைத் தொடாதே."

"இன்னும் தொடவே இல்ல, அதுக்குள்ள என்ன?"

"சொன்னாக் கேளும்மா!"

"கேட்டா எப்ப ஓட்டக் கத்துக்கறது? ரேடியோவ வெச்சுட்டு ஓட்டுங்க."

எல்லா வண்டிகளிலிருந்தும் ஒரே சிரிப்பு. நான்காவது வண்டியில் வந்த வங்கி மேலாளர் ஹுமைத், "அதீக் அண்ணே, எங்களுக்கெல்லாம் மேய்ப்பன். வீட்டுல மட்டும் ஆடு" என்றார். இடது பக்கம் போகச் சொன்னால் ஷம்மா வலது பக்கம் போனார். நிற்கச் சொன்ன இடத்தைத் தாண்டி நின்றார். ஒரு முறைகூடப் புதையவில்லை என்பதுதான் அதீக்குக்குப் பொறுக்காத சங்கதி.

மூன்றாம் நாள் முற்பகலில் காற்று கிளம்பியது. மேடுகளின் உச்சியிலிருந்து மணல் புகை போலச் சீறிக்கொண்டிருந்தபோது, ஹுமைத் ஒரு கூரான முகட்டில் தயங்கிப் பிரேக்கை மிதித்தார். வண்டியின் வயிறு உச்சியில் உட்கார, முன்சக்கரங்கள் ஒரு பக்கமும் பின்சக்கரங்கள் மறுபக்கமும் அந்தரத்தில் சுழன்றன. "கடைசி வண்டி, கயித்தோட முன்னால வா" என்றார் பூத்தி.

அதீக் வரிசையை விட்டு விலகி முன்னால் போனார். கிண்ணம் போன்ற ஒரு பள்ளத்தில் காத்திருந்த ஷம்மாவின் வண்டியைக் கடக்கும்போது ஜன்னலை இறக்கி, "இங்கேயே நில்லு. நான் கூப்பிடற வரைக்கும் நகராதே" என்றார். வரிசையில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. கடைசி வண்டி நிறுத்திய வண்டியை, கடைசி வண்டிதான் கிளப்ப வேண்டும். பூத்தியே வந்து அழைத்தாலும் அது நகரக்கூடாது.

முகட்டைச் சுற்றிக்கொண்டு அப்பால் இறங்கி, கயிற்றை மாட்டி, ஹுமைதை இழுத்து இறக்குவதற்குள் அதீக்குக்குக் கண், மூக்கு, பல் எல்லாம் மணல். பின்னால் நின்றிருந்த வண்டிகள் மேட்டின் தோளோரமாகச் சுற்றி ஒவ்வொன்றாக அவரைத் தாண்டின. கயிற்றை உதறிச் சுருட்டி, பின்கதவுக்குள் தலையை நுழைத்து அதை மூட்டைக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே திணித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு எஞ்சின் ஓசை கடந்து போனது. அதுதான் அவள் என்று நினைத்துக்கொண்டார். கூப்பிடும் வரை நகராதே என்றால் ஷம்மாவாவது நிற்பதாவது! ஹுமைத் விவகாரத்தில் அந்த முகட்டில் விட்டுப்போன கேள்வி, அடுத்த மேட்டையும் தாண்டிய பிறகே ரேடியோவில் வந்தது.

"கடைசி வண்டி?"

"தாண்டியாச்சு. பின்னால மணல்தான்."

உப்புத்தரையில் காற்றுக்கு முதுகு காட்டி வண்டிகளைப் பிறை வடிவில் நிறுத்தினார்கள். நண்பகல் தொழுகைக்கு விரிப்புகள் இறங்கின. அதீக் வழக்கம்போலக் கடைசியாக வந்து நின்று, இறங்கியவுடன் கொடிகளைப் பார்த்தார். சிவப்பு, பச்சை, கட்டம் போட்டது, கிழிந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். மஞ்சள் இல்லை.

"அக்கா எங்க?" என்றார் பூத்தி, கையில் தொழுகைக்குமுன் கைகால் கழுவும் தண்ணீர்க் குவளையோடு.

அதீக் மூன்றாவது முறையாகக் கொடிகளை எண்ணத் தொடங்கினார்.

"மச்சான், நீதானே தாண்டியாச்சுன்னே?"

"சொன்னேன்."

பூத்தியின் கையில் குவளை சாய்ந்து தண்ணீர் முழுவதும் உப்புத்தரையில் கொட்டியது. ரேடியோவில் அழைத்துப் பார்த்தார்கள். இடையில் இரண்டு பெரிய மேடுகள். கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. "ரெண்டு வண்டியா போங்க. தனியாப் போகாதே" என்று பூத்தி சொல்லி முடிப்பதற்குள் அதீக்கின் வண்டி திரும்பிவிட்டது. ஹுமைத் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிப்போய்த் தன் வண்டியில் ஏறினார்.

போய்ச் சேரும் வழி அதீக்கின் வழிகாட்டிக் கருவியின் திரையில் கோடாக இருந்தது. பள்ளத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அவள் அந்தப் பள்ளத்தில் இருப்பாளா என்பதுதான் கேள்வி. நிறுத்திய இடத்தில் நின்றிருந்தால் நல்லது. பொறுமையிழந்து தானே தேடிக் கிளம்பியிருந்தால், காற்று சக்கரத் தடங்களை அழித்துக்கொண்டே வருகிறது. எந்தப் பக்கம் போனாள் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பகுதியின் மேடுகள் ஏறும்போது சாதுவாகத் தெரியும். உச்சிக்கு அப்பால் செங்குத்தாக அறுந்து நிற்கும். முன்னால் ஒரு வண்டி வழி சொல்லாமல் அதில் ஏறிய புது ஓட்டுநர், இறங்குவது உருண்டுதான்.

இருபது வருடத்துக்கும் மேலான குடித்தனத்தில், சொன்னதை அவள் கேட்ட ஒரு நாளை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் துடித்தபோது, பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். நிச்சயத்துக்கே அவள் அப்பா சொன்ன தேதி வேண்டாம் என்றவள். ஒரு நாள்கூட அகப்படவில்லை. "யா அல்லாஹ், இந்த ஒரு தடவை" என்று வாய்விட்டுச் சொன்னார். "இந்த ஒரு தடவை மட்டும்."

முதல் மேடு. தடங்கள் பாதி அழிந்திருந்தன. இரண்டாவது மேட்டின் தோளில் ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே வண்டியை நிறுத்தி, மிச்ச தூரத்தை மணலில் கால் புதையப் புதைய ஓடிக் கடந்தார். அங்கி காற்றில் படபடத்து முகத்தை மூடியது. அதை இழுத்துவிட்டுக் கீழே பார்த்தார்.

பள்ளத்தின் அடியில், விட்ட இடத்தில், விட்ட திசையைப் பார்த்தபடி வண்டி நின்றது. மஞ்சள் கொடி பிய்ந்துவிடுவது போல ஆடிக்கொண்டிருந்தது.

சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடினார். ஜன்னல்கள் மூடியிருந்தன. உள்ளே ஷம்மா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கில் அட்டையைச் சாய்த்து, சிவப்புப் பேனாவால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அதீக் கண்ணாடியைத் தட்டினார். ஷம்மா ஒரு விரலை உயர்த்தினார்: இதை முடித்துவிட்டு வருகிறேன். பிறகு பேனாவுக்கு மூடியைப் போட்டு வைத்து, ஜன்னலை இறக்கினார்.

"என்ன, கூப்பிட மறந்துட்டீங்களா?"

அதீக் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வர நேரமானது. "கிளம்பிட்டியோன்னு..."

"நில்லுன்னீங்க. நின்னேன்."

"நான் சொல்லி நீ என்னைக்கு நின்னிருக்கே?"

"புருஷன் சொல்லியிருந்தா அப்பவே கிளம்பியிருப்பேன்" என்றார் ஷம்மா. "சொன்னது கடைசி வண்டி. அது ஆளை விட்டுட்டுப் போகாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கறது யாரு, நானா?"

சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் அதீக் முகத்தை அங்கியால் துடைத்துக்கொண்டார். எழுந்து ஜன்னலைப் பிடித்தபோதுதான் அந்த விடைத்தாள் கண்ணில் பட்டது. ஒரே விடைக்குப் பக்கத்தில் ஐந்தாறு சரிக் குறிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, தாள் கிழியுமளவுக்கு. அவர் பார்த்ததைப் பார்த்து ஷம்மா தாளைப் புரட்டி வைத்தார். "காத்து ரொம்ப. பேனா நிக்கல" என்றார். ஜன்னல் விளிம்பில் இருந்த அவர் கையின்மேல் தன் கையை வைத்தார். எடுக்கவில்லை.

உச்சியில் ஹுமைத் வெறுங்காலோடு நின்று குதித்தபடி ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தார். "கெடைச்சாச்சு! நின்ன எடத்துலயே இருக்காங்க! பேப்பர் திருத்திட்டிருக்காங்க!"

பூத்தியிடமிருந்து முதலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு கரகரப்பு. அப்புறம்தான் குரல் பழையபடி ஆனது. "அந்தப் பொண்ணுங்க பாவம். கோவத்துல எல்லாரையும் ஃபெயில் ஆக்கியிருப்பா. சீக்கிரம் வாங்க, சோறு ஆறுது. மச்சானுக்கு இன்னைக்கு அடிச்சோறு கெடையாது, மேல் சோறு."

திரும்ப வேண்டிய வரிசையில் மூன்றே வண்டிகள். "ஹுமைத் முன்னால. நீ நடுவுல" என்றார் அதீக்.

"மாட்டேன். நீங்க நடுவுல."

"கடைசி வண்டிக்குப் பின்னால யாரும் வரக்கூடாதும்மா."

"அப்போ இன்னைக்கு நான்தான் கடைசி வண்டி. இனிமே நான் உங்க கண்ணு முன்னால வேணாம். நீங்க என் கண்ணு முன்னால போங்க."

மேலே ஹுமைத் சிரிப்பதை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அதீக் மறுபடி மேட்டில் ஏறித் தன் வண்டிக்குப் போனார்.

காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. முதல் மேட்டைக் கடந்தார்கள். அடுத்த மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் உப்புத்தரையில் விரிப்புகளும், அரிசிச் சட்டியின் ஆவியும், எழுந்து நின்று கையை நெற்றிக்கு வைத்துப் பார்க்கும் ஆட்களும் தெரிந்தார்கள். ஹுமைத் இறங்கினார். அதீக் இறங்கினார்.

"கடைசி வண்டி?" என்றார் பூத்தி.

அதீக்கின் கை பழக்கத்தில் மைக்கை எடுத்துவிட்டது. கட்டைவிரல் பொத்தானைத் தொட்டது. அழுத்தவில்லை. ஜன்னலை இறக்கி, மடியிலெல்லாம் மணல் கொட்ட, கையை வெளியே விட்டு, மடங்கிக் கிடந்த கண்ணாடியை இழுத்தார். மணல் நெரிபடும் சத்தத்தோடு அது மெல்ல விரிந்தது. உள்ளங்கையால் புழுதியைத் துடைத்தார். அதில் மஞ்சள் கொடி உச்சியில் ஏறி, அவரை நோக்கி இறங்கத் தொடங்கியது. மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அவள் குரலுக்காகக் காத்திருந்தார்.